கடித்துத் தின்றுவிடலாம் போலிருக்கிறதே, இது சரியா?

கேட்கப்பட்டது சுருக்கமாக: "ஓசூரில் தொழிற்சாலை வேலை. மனைவி முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டில், பென்னாகரம் தாண்டி ஏரியூர்ப் பக்கம் இருக்கிறார். பெண் குழந்தை பிறந்து 23 நாள் ஆகிறது. சனிக்கிழமைதான் போக முடிகிறது. குழந்தையைப் பார்த்ததும் கன்னத்தைக் கடித்துவிட வேண்டும், இறுக்கி நசுக்கிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். திரும்பும்போது அதன் துணி ஒன்றைப் பையில் எடுத்து வந்து முகர்ந்து பார்க்கிறேன். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள். 'உற்றுப் பார்க்காதீர்கள், பெற்றவர் கண்தான் முதலில் படும்' என்கிறார் மாமியார். இது ஏதாவது கோளாறா? மனைவிக்கு என் அளவுக்கு ஆர்வமில்லை, பேசாமலே இருக்கிறார்."

தம்பி, தருமபுரி மாவட்டத்தில் 33 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. உங்கள் எழுத்தில் பயம் தெரிவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் வீடுகளில் பச்சைக் குழந்தையைக் கொஞ்சுகிற பேச்சைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். "திருட்டுக் கழுதை", "போக்கிரி", "அடி கள்ளி", "உன்னை அப்படியே முழுங்கிவிடட்டுமா?" ஒன்றுகூட நல்ல வார்த்தை கிடையாது. பாட்டிமார் இரண்டு கையாலும் குழந்தையின் முகத்தை வழித்துத் தங்கள் பொட்டில் வைத்து நெட்டி முறிக்கிறார்கள். இரண்டு மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒரு நொடி கிடத்தி எடுத்து, குப்பன் என்றும் குப்பம்மாள் என்றும் பெயர் வைத்தார்கள். எங்கள் தலைமுறையில் ஊருக்கு இரண்டு பேராவது அந்தப் பெயரில் இருந்தார்கள். உயிரினும் மேலான ஒன்றுக்குக் குப்பை என்று பெயர் வைக்கிற மனசும், கன்னத்தைக் கடிக்கத் துடிக்கிற உங்கள் பல்லும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஆசை அளவு மீறும்போது அது நேர்வழியில் வெளிவர முடியாமல் எதிர்வழியில் வருகிறது.

இதை ஆராய்ந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஓரியானா அராகோன் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மகிழ்ச்சி தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது அழுவது, பல்லைக் கடிப்பது, கிள்ளத் தோன்றுவது போன்ற எதிர்வெளிப்பாடுகள் வருகின்றன என்றும், அப்படி வெளிப்படுத்துகிறவர்கள் விரைவாக நிதானத்துக்குத் திரும்புவதாகத் தெரிகிறது என்றும் அதில் சொன்னார்கள். 2018இல் கலிபோர்னியாவில் காத்ரின் ஸ்டாவ்ரோபூலோஸ் 54 பேருக்குக் குழந்தைகள், விலங்குகளின் படங்களைக் காட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். இன்பத்தை உணர்கிற பகுதி வேலை செய்வதற்கும், கடிக்கத் தோன்றுவதற்கும் நடுவில் பாலமாக இருந்தது 'தாங்க முடியவில்லை' என்ற உணர்வு. பிலிப்பைன்ஸ் நாட்டில் இதற்கென்றே 'கிகில்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நாம் தனிச்சொல் வைக்கவில்லை. "ஆசை தாங்கவில்லை" என்கிறோம். சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேகத்தில் குழந்தையைத் துன்புறுத்தும் எண்ணம் துளியும் இருக்காது. கை தானாகவே மெதுவாகும். அழுகை நிற்காத இரவில் வருகிற எரிச்சல் வேறு. அது வந்தால் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு வாசலுக்குப் போய் நின்று மூச்சு வாங்குங்கள், வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பச்சைக் குழந்தையைக் குலுக்கக் கூடாது. மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கவும் கூடாது. கழுத்து நிற்காத குழந்தைக்குத் தலை பாரம். அந்த ஆட்டத்தில் மூளைக்குள் ரத்தம் கசியும். சிரிக்க வைப்பதாக நினைத்துச் செய்கிறவர்களும் உண்டு, அதனால் சொல்கிறேன்.

தலையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. பெரிய நெற்றி, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்கள், உப்பிய கன்னம். இந்த அமைப்பைப் பார்த்தாலே வளர்ந்தவர்களுக்குக் காப்பாற்றத் தோன்றுகிறது என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கோன்ராட் லோரென்ஸ் 1943இலேயே எழுதினார். நடக்கவும் தெரியாது, பேசவும் தெரியாது. தன்னை விட்டுப் போகவிடாமல் நம்மைக் கட்டிப்போட அதனிடம் இருக்கிற கருவிகள் முகமும் குரலும் மணமும்தான்.

மணத்தைப் பற்றி நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு நாளான குழந்தைகளின் சட்டைகளைப் பெண்கள் 30 பேருக்கு முகரக் கொடுத்தார்கள். அவர்களில் 15 பேர் அப்போதுதான் பெற்றவர்கள், 15 பேர் பெறாதவர்கள். யாருடைய குழந்தை என்று எவருக்கும் தெரியாது. பசித்தவருக்குச் சோறு கிடைத்தால் மூளையில் எந்தப் பகுதி மலருமோ, அதே பகுதி மலர்ந்தது. பெற்றவர்களுக்குக் கூடுதலாக மலர்ந்தது. ஆக, ஓசூரில் அறைக்குள் உட்கார்ந்து அந்தத் துணியை நீங்கள் முகர்வது வார நாளில் ஒருவேளைச் சாப்பாடு மாதிரி. துவைக்காமலே வைத்துக்கொள்ளுங்கள்.

கேலி செய்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் ஆண்கள் 624 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தகப்பனான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கவனித்தவர்களுக்கு இன்னும் குறைவு. சண்டைக்கும் போட்டிக்கும் ஏற்றிருந்த உடம்பு, தொட்டிலுக்கு அருகில் வந்ததும் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறது. பிள்ளை வளர்ப்பதற்கு ஆணின் உடம்பும் ஆயத்தமாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, கொஞ்சுவது எப்படி? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாரத்தில் ஒன்றரை நாள் கிடைக்கிறவருக்கு இது தேவைப்படும்.

குழந்தையின் கண்ணுக்கு இப்போது 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் தெளிவு. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். பால் குடிக்கும்போது தாயின் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கும். வாசற்படியில் நின்று கையை ஆட்டினால் அதற்கு நீங்கள் ஒரு மங்கல். சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பேசுங்கள். குரலை உயர்த்தி, இழுத்து இழுத்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தானே கொஞ்சுகிறோம். அந்த ராகத்தைத்தான் குழந்தை நெடுநேரம் கவனிக்கிறது. தாயின் குரல் அதற்கு வயிற்றிலேயே பழக்கம். பிறந்து மூன்று நாளுக்குள் தாயின் குரலைப் பிற பெண்களின் குரலிலிருந்து பிரித்து அறிகிறது என்று 1980இலேயே காட்டிவிட்டார்கள். உங்கள் குரலை அது இனித்தான் கற்க வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு, அரைத்துணியோடு குழந்தையை உங்கள் நெஞ்சின்மேல் குப்புறக் கிடத்தி, முதுகில் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு, தலை ஒருபக்கம் திரும்பி மூக்கு அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள். நெஞ்சு அதிர்வதே அதற்குப் பாட்டு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளுக்கு இன்குபேட்டர் போதாதபோது தாயின் மார்புச் சூட்டில் வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் 'கங்காரு பராமரிப்பு' என்று அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். தகப்பனும் செய்யலாம். உங்களுக்குத் தூக்கம் வந்தால் மட்டும் குழந்தையை எடுத்துத் தூளியிலோ பாயிலோ விட்டுவிடுங்கள்.

முத்தம் பற்றிக் கண்டிப்பாக ஒரு சொல். பிள்ளைத்தமிழ் பாடும் மரபில் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தார்கள். முதல் பருவம் காப்பு, மூன்றாம் மாதம். "முத்தம் தா" என்று கேட்கிற முத்தப் பருவம் வருவது பதினோராம் மாதத்தில்தான். அவர்கள் எதை நினைத்து வகுத்தார்களோ, செவிலியான எனக்கு அந்த வரிசை மிகவும் பிடிக்கும். முதலில் காப்பு. உங்கள் உதட்டில் சின்னக் கொப்புளம் இருந்தால், அதிலுள்ள கிருமி ஒரு மாதக் குழந்தையின் உயிருக்கே உலை வைக்கும். கக்குவான் இருமலுக்கான முதல் தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான். அதனால் வாயிலும் மூக்கிலும் கையிலும் முத்தம் வேண்டாம் (கை நேரே வாய்க்குப் போகும்). பஸ்ஸில் வந்த சட்டையை மாற்றிவிட்டு, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். உச்சந்தலையும் உள்ளங்காலும் உங்களுக்கு. கடிக்க வேண்டும் என்று தோன்றுகிற அந்த வேகத்தை உள்ளங்காலில் காட்டுங்கள், பல் படாமல், உதட்டால் கவ்வி. இருமல், சளி உள்ள உறவினர் வந்தால் "அப்புறம் தூக்கலாம்" என்று தடுப்பது உங்கள் வேலை. பெற்ற பெண்ணால் தன் அத்தையையும் பெரியம்மாவையும் தடுக்க முடியாது.

மாமியார் சொல்கிற கண்ணேறு விஷயத்துக்கு வருகிறேன். அவரோடு வாதம் செய்யாதீர்கள். கன்னத்தில் மைப்பொட்டு வைப்பது, சாயங்காலம் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவது, எல்லாம் அவர் குழந்தையைக் கொஞ்சுகிற விதம். நான் தடுப்பது வேறு: கண்ணுக்குள் மை தீட்டக் கூடாது. குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, மார்புக் காம்பைப் பிதுக்குவது கூடாது. சாம்பிராணிப் புகையை முகத்துக்கு நேரே காட்டக் கூடாது. தேன், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் நாக்கில் தடவக் கூடாது. தேனை ஒரு வயதுவரை தொடவே வேண்டாம். இவை போக, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் குழந்தையைக் கிடத்தி, ஒரு கையால் நெற்றியில் அணைகட்டிக்கொண்டு மறு கையால் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுகிறாரே, அதை அருகில் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் வயிற்றில் பட்டதும் விரல்கள் விரியும், உதடு பிதுங்கும், அழலாமா வேண்டாமா என்று ஒரு யோசனை முகத்தில் ஓடும். அடுத்த சனிக்கிழமை துண்டை விரித்து வாங்குகிற ஆளாக நீங்கள் இருங்கள்.

'பெற்றவர் கண்' என்ற பேச்சு இந்த மாவட்டத்தில் எனக்கு வேறு நினைவுகளைக் கிளப்புகிறது. பெண் குழந்தையைப் பார்க்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்ட தகப்பன்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாத பெண் குழந்தையைக் கொன்றுவிடாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. எதற்காக வந்தது என்று உங்கள் மாமியாருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பாலக்கோடு பக்கம் ஒரு வீடு. மூன்றாவதும் பெண். நான் போகும்போதெல்லாம் அந்த மனிதர் மாட்டுக்கொட்டகையிலேயே இருப்பார், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நாங்கள் காரணம் கண்டுபிடித்துக் கூடுதலாகப் போவோம். மூன்றாவது முறை போனபோது, எடை பார்க்கிற கொக்கித் தராசை மாட்ட உத்தரத்தில் இடமில்லை. "அண்ணே, இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள்" என்றேன். வேறு வழியில்லாமல் வந்து பிடித்தார். துணித்தொட்டிலில் குழந்தையை வைத்தேன். நான் முள்ளைப் பார்க்கக் குனிவதற்குள், "போன வாரத்தைவிடக் கனமாக இருக்கிறது" என்றார்.

போன வாரம் நான் எடை பார்த்தபோது அவர் கொட்டகையில்தான் இருந்தார். மனைவி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தார். யாரும் பார்க்காத இரவில் அந்தக் குழந்தையை அவர் தூக்கியிருக்கிறார், ஒருமுறை அல்ல, எடை தெரிகிற அளவுக்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் காரணம் தேடிக்கொண்டு போகவில்லை. இப்போது ஒரு தகப்பன் பெண் குழந்தையின் துணியை முகர்ந்து பார்க்கிறேன் என்று எழுதுகிறார். உற்றுப் பாருங்கள் தம்பி, கண் வலிக்கும்வரை பாருங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. "மனைவிக்கு என் அளவுக்கு ஆர்வமில்லை, பேசாமலே இருக்கிறார்."

உங்களுக்கு அந்தக் குழந்தை வாரத்தில் ஒன்றரை நாள். அவருக்கு ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால், நடுவில் துணி மாற்றல், இரண்டு மணி நேரத்துக்குமேல் சேர்ந்தாற்போல் தூக்கமில்லை. தையல் போட்ட வலி வேறு இருக்கலாம். பச்சை உடம்புக்காரி என்று பத்தியம் வேறு. பெற்ற உடனே பாசம் பொங்கி வழியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பல பெண்களுக்கு அப்படி வருவதில்லை. வாரக்கணக்கில், பால் கொடுத்துக் கொடுத்து, முகம் பழகிப் பழகி மெதுவாக ஊறுகிறது. வராத பாசத்தை நினைத்துக் குற்ற உணர்ச்சியில் ஒடுங்கிப்போன பெண்களை எத்தனையோ திண்ணைகளில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். அந்தச் சமயத்தில் கணவன் வந்து குழந்தையை மட்டும் கொஞ்சிவிட்டுப் போனால், "என்னிடம்தான் ஏதோ குறை" என்றுதான் தோன்றும்.

பிரசவமான மூன்றாம் நாள் தொடங்கிக் காரணமில்லாமல் அழுகை வருவது மிகவும் சகஜம். சுரப்புகள் திடீரென்று இறங்குவதால் வருவது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகத் தெளியும். உங்கள் குழந்தைக்கு 23 நாள். இரண்டு வாரம் தாண்டிவிட்டது. அதனால்தான் எனக்கு உறுத்துகிறது. பேச்சுக் குறைவது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, சோறு இறங்காதது, எதிலும் பிடிப்பில்லாதது, "நான் இல்லாவிட்டால் நல்லது" என்பது போன்ற பேச்சு, இவை இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் பெரும்பகுதி இந்தச் சோர்வுதான். வளரும் நாடுகளில் இன்னும் கூடுதல். இது திமிரும் அல்ல, பேயும் அல்ல, குணப்படுத்தக்கூடிய நோய். பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் உண்டு. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். "குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, என் கையாலே ஏதாவது ஆகிவிடுமோ" என்று வேண்டாத எண்ணம் வந்து அதற்காகவே நடுங்குகிற தாய்மார் நிறையப் பேர். அவர் அப்படிச் சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். பயந்துபோய்ச் சொல்கிறவர் குழந்தையைக் காக்கத் துடிக்கிறவர். மருத்துவரிடம் அதையும் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லாமல், காதில் குரல் கேட்கிறது என்றோ குழந்தை தன்னுடையது இல்லை என்றோ பேச ஆரம்பித்தால் அது அவசரம். மந்திரிக்க அழைத்துப் போகாமல் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.

வருகிற சனிக்கிழமை ராயக்கோட்டை வழியாகவோ கிருஷ்ணகிரி வழியாகவோ எந்த பஸ் முதலில் கிடைக்கிறதோ அதில் ஏறிவிடுங்கள். வீட்டுக்குள் போனதும் தூளிப் பக்கம் போகாமல் முதலில் அவர் அருகில் உட்காருங்கள். "தூங்கினாயா? சாப்பிட்டாயா?" இவ்வளவு போதும். பதில் வராவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். இரவு பால் குடித்து முடித்ததும் குழந்தையை நீங்கள் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, அடுத்த பால்வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அவர் தொடர்ந்து தூங்கட்டும். காலையில் அவர் பார்க்க அந்த உள்ளங்காலைக் கவ்விக் கொஞ்சுங்கள். "உன்னைப் போலவே விரல்" என்று அவரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. நம் பக்கம் தடுப்பூசி நாள் புதன்கிழமை என்பதால் இப்போதே விடுப்புச் சொல்லி வையுங்கள். ஊசி போடும்போது மனைவியின் மடியில் குழந்தையும், குழந்தையின் கண்ணுக்கு நேரே உங்கள் முகமும் இருக்கட்டும். அன்று நன்றாக அழும், ராத்திரி லேசாகக் காய்ச்சலும் வரலாம், மருந்து அங்கேயே தருவார்கள். ஏறக்குறைய அந்த வாரத்தில்தான் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். தூக்கத்தில் உதடு கோணுகிற சிரிப்பைச் சொல்லவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, கண்ணும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. சாண் தூரம், மறக்காதீர்கள். உங்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி அவரையும் அந்தத் தூரத்துக்குள் கொண்டுவந்து வையுங்கள்.